எந்திரம் வரைந்த படம் கலையாகுமா? பிரிக்பீல்ட்ஸ் சாமிப் படங்கள் சொல்லும் வரலாறு



பள்ளிகளில் நடைபெறும் ஓவியப் போட்டி, வாழ்த்து அட்டைப் போட்டி, சுவரொட்டிப் போட்டி ஆகியவற்றில் அண்மைக் காலமாகப் புதிய சிக்கலொன்று தலைதூக்கியுள்ளது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கப்பட்ட படங்களும் நடுவர் மேசைக்கு வரத் தொடங்கிவிட்டன. தூரிகையைத் தொடாமல் செய்தது கலையே அன்று என்பது ஒரு சாரார் வாதம். பல மணி நேரம் அமர்ந்து, திரும்பத் திரும்பத் திருத்தி, நுணுக்கமாக உருவாக்கிய ஒன்றை எப்படி ஒதுக்குவது என்பது மறுசாரார் வாதம். ஆசிரியர் அறையில் இவ்வாதம் எழும்போதெல்லாம் இரு தரப்பிலும் ஓரளவு நியாயம் இருப்பதை உணர்கிறோம். ஆயினும் முடிவு எட்டப்படுவதில்லை.

இக்கேள்வி புதியதாகத் தோன்றினாலும் இதன் வேர் பழையது. ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் இதே கேள்வியைச் சந்தித்துள்ளனர். அதற்குரிய சான்று நம் வீட்டுப் பூசையறையிலேயே மாட்டப்பட்டுள்ளது. அவ்வரலாற்றை அறிந்துகொண்டால் இன்றைய சிக்கலுக்கும் ஓரளவு தெளிவு பிறக்கும் என்னும் நோக்கில் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பூசையறைப் படங்கள்

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் செங்கற்சூளைகளால் வந்தது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூரைப் பெருந்தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அதன் பின்னர் நகரத்தைச் செங்கல்லாலும் ஓட்டாலும் மீண்டும் கட்டியெழுப்பும் பணி தொடங்கியது. அதற்கான சூளைகள் இப்பகுதியில் அமைந்தன. பிறகு இரயில்வே வந்தது. தமிழகத் தமிழரும் இலங்கைத் தமிழரும் இங்கே குடியேறினர். 2010ஆம் ஆண்டில் 'லிட்டில் இந்தியா' என அதிகாரமுறையாகத் திறந்துவைக்கப்பட்ட இப்பகுதியில், துன் சம்பந்தன் சாலை வழியே நடந்தால் பூக்கடைகளுக்கும் பூசைப் பொருள் கடைகளுக்கும் இடையே சட்டமிட்ட சாமிப் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருப்பதைக் காணலாம். முருகன், பிள்ளையார், இலட்சுமி, சரசுவதி என அடுக்கடுக்காக இருக்கும். கிள்ளானிலும் இதே காட்சிதான். தோட்டத்து லயங்களிலும் இரயில்வே குடியிருப்புகளிலும் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார் இத்தகைய படங்களுக்குத்தான் விளக்கேற்றினர்.

அப்படங்களில் எதுவும் ஓவியர் ஒருவர் அந்த வீட்டிற்கென்று கையால் வரைந்து கொடுத்ததன்று. எல்லாம் அச்சு எந்திரம் ஆயிரக்கணக்கில் தள்ளிய தாள்கள். எந்திரம் தந்தது என்பதற்காக அவற்றின் முன் கைகூப்ப எவரும் தயங்கியதில்லை. ஆனால், அவை கலையா என்று கேட்டபோது மட்டும் கற்றறிந்தோர் இரண்டு பட்டனர்.

இரவிவர்மாவின் அச்சகம்

சாமிப் படங்களை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர்களுள் முதன்மையானவர் கேரளத்தின் கிளிமானூரில் 1848ஆம் ஆண்டு பிறந்த ராஜா இரவிவர்மா. மேலைநாட்டு எண்ணெய் வண்ண முறையில் தேர்ந்த ஓவியர். அரண்மனைகளும் செல்வர்களும் மட்டுமே வாங்கக்கூடிய ஓவியங்களை அவர் வரைந்துகொண்டிருந்தார். திவான் பதவிகளை வகித்த சர் டி. மாதவராவ், அவற்றைப் படியெடுத்து அச்சிட்டால் நாடே பயன்பெறும் என்று அவருக்கு எடுத்துரைத்தார். 1894ஆம் ஆண்டில் பம்பாயில் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது.

அங்கே நடந்த வேலையைச் சற்று விளக்கமாக அறிய வேண்டும். கல்லச்சு முறையை 1796ஆம் ஆண்டு வாக்கில் செனஃபெல்டர் என்னும் செருமானியர் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒட்டா என்பதே அதன் அடிப்படை. வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, நீரால் நனைத்து, மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். வண்ணப் படமாயின் ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். மூல ஓவியத்தைப் பார்த்து, இதில் மஞ்சள் எவ்வளவு, சிவப்பு எங்கே என்று பிரித்துணர்ந்து, ஒவ்வொரு கல்லிலும் கைவினைஞர் வரைவர். பின்னர் அதே தாள் ஒவ்வொரு கல்லின்மீதும் மாறி மாறி அழுத்தப்படும். எண்ணெய் ஓவியம் போலவே பளபளக்கும்படி மெருகூட்டுவதும் உண்டு. இதனையே ஓலியோகிராப் என்றனர்.

ஆக, ஒரு வீட்டில் மாட்டிய இலட்சுமி படத்தில் இரவிவர்மாவின் கை நேரடியாகப் படவேயில்லை. அவருடைய கற்பனை, கல்லில் வரைந்தவர்களின் கை, எந்திரத்தின் அழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அப்படம் பிறந்தது. 1901ஆம் ஆண்டில் அச்சகத்தை ஃபிரிட்சு சிலைக்கர் என்னும் செருமானியத் தொழில்நுட்பர் வாங்கினார். இரவிவர்மா 1906ஆம் ஆண்டில் மறைந்த பின்னரும் அவர் பெயரிலேயே படங்கள் வந்துகொண்டிருந்தன. கல்லில் வண்ணம் பிரித்த கைவினைஞர் பெரும்பாலோரின் பெயர் எவருக்கும் தெரியாது.

ஆனந்த குமாரசுவாமியின் மறுப்பு

இப்படங்களைக் கடுமையாக மறுத்தவர்களுள் ஒருவர் நம்மவர் என்பது குறிப்பிடத்தக்கது. யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்த சர் முத்து குமாரசுவாமியின் மகனாகக் கொழும்பில் 1877ஆம் ஆண்டு பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றில் உலகப் புகழ் பெற்றவர். இரவிவர்மாவின் தெய்வங்கள் நாடக மேடையில் வேடமிட்டு நிற்கும் மனிதர்களைப் போல இருக்கின்றன, இந்திய மரபின் உள்ளொளி அவற்றில் இல்லை என்பது அவர்தம் குறைபாடு. கைத்தொழிலின் மேன்மையை வலியுறுத்திய அவர், இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலைக் கையால் இயக்கும் அச்சுப்பொறியிலேயே அச்சிட்டு 1908ஆம் ஆண்டு வெளியிட்டார். கொள்கைக்கும் செயலுக்கும் இடைவெளி இல்லாத பெருமகனார் அவர்.

அவருடைய மறுப்பில் இரண்டு கருத்துகள் கலந்துள்ளன. ஒன்று, எந்திரப்படி கலையாகாது என்பது. மற்றொன்று, ஒரே வகைப் படம் நாடெங்கும் பரவினால் அந்தந்த ஊரின் மரபு அழிந்துவிடும் என்பது. முதற்கருத்தைக் காலம் ஏற்கவில்லை. ஓலியோகிராப் படங்களை இன்று அருங்காட்சியகங்கள் போற்றிப் பாதுகாக்கின்றன. ஆனால், இரண்டாவது கருத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த தெய்வ வடிவங்கள் மெல்ல மெல்ல ஒரே முகமாக மாறியதை யாரும் மறுக்கவியலாது. இதனை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் மீண்டும் தேவைப்படும்.

கோவில்பட்டியும் சிவகாசியும்

இரவிவர்மாவுக்குப் பின் தமிழர் வீடுகளை நிறைத்தவர் சி. கொண்டைய ராஜு. 1898ஆம் ஆண்டு பிறந்த அவர் சென்னைக் கலைப்பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் இருந்தார். பின்னர் நாடகக் குழுவில் சேர்ந்து திரைச்சீலைகள் வரைந்தார். இறுதியில் கோவில்பட்டியில் தங்கி, மாணாக்கர் பலரை உருவாக்கி, 1976ஆம் ஆண்டு மறையும்வரை நாள்காட்டிப் படங்களை வரைந்தார். அண்மையில் இருந்த சிவகாசியோ தீப்பெட்டித் தொழிலால் வளர்ந்து, தீப்பெட்டிச் சிட்டைகளை அச்சிடத் தொடங்கி, அதன்வழி பெரும் அச்சு நகரமாகவும் உயர்ந்த ஊர். கோவில்பட்டியில் வரைந்ததைச் சிவகாசி அச்சிட்டது. தமிழர் வாழும் இடங்களுக்கெல்லாம் அது பரவியது.

"காலண்டர் படம்" என்று சொல்வது நெடுங்காலம் ஓர் இகழ்ச்சிச் சொல்லாகவே இருந்தது. இன்றோ ஆய்வாளர்கள் அவற்றைத் தேடித் தொகுத்து ஆராய்கின்றனர். என்ன மாறியது? படம் மாறவில்லை, எந்திரமும் மாறவில்லை. அப்படத்திற்குப் பின்னால் ஒரு மனிதரின் பயிற்சியும் தேர்வும் நாடக மேடை அனுபவமும் பக்தியும் இருந்தன என்பதைக் கற்றறிந்தோர் பின்னாளில் உணர்ந்துகொண்டனர். அவ்வளவே.

நீதிமன்றம் ஏறிய புகைப்படம்

மேலைநாட்டில் இதே கேள்வி புகைப்படக் கருவியால் எழுந்தது. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர், ஓவியத்தில் தோற்றவர்களின் புகலிடம் அது என்று எள்ளினார். ஒரு கருவியை இயக்குவது எப்படிக் கலையாகும் என்பதே அன்றைய வினா. இன்றைய வினாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்!

1884ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு விடை கூற நேர்ந்தது. நியூயார்க்கு புகைப்படக் கலைஞர் நெப்போலியன் சரோனி, எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டைப் படம் எடுத்திருந்தார். ஒரு கல்லச்சு நிறுவனம் அப்படத்தை அவர் இசைவின்றி 85,000 படிகள் அச்சிட்டது. வழக்கு எழுந்தபோது, புகைப்படத்தை உருவாக்கியது கருவிதானே, அதற்கு ஏது ஆசிரியர் என்று நிறுவனம் வாதிட்டது. நீதிமன்றம் கருவியைப் பார்க்கவில்லை. சரோனி என்ன செய்தார் என்று பார்த்தது. வைல்டை எப்படி அமரவைப்பது, எந்த உடை, எந்தத் திரை, ஒளி எங்கிருந்து விழ வேண்டும், முகத்தில் எந்த உணர்வை வரவழைப்பது ஆகியவற்றையெல்லாம் அவரே தீர்மானித்தார். ஆகவே, அப்படத்தின் ஆசிரியர் அவரே என்று தீர்ப்பு வந்தது.

இத்தீர்ப்பில் ஓர் அளவுகோல் இருக்கிறது. கருவி எது என்பது முதன்மையன்று. படத்தில் இருப்பவை அங்கே ஏன் இருக்கின்றன என்று கேட்டால், "நான் தீர்மானித்தேன், காரணம் இது" என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதே முதன்மை.

ஆணையிட்டவரும் ஆக்கியவரும்

செயற்கை நுண்ணறிவுப் படத்திற்கு இந்த அளவுகோலைப் பொருத்தும்போது ஓர் இடர் தோன்றுகிறது. இங்கே மனிதர் செய்வது பெரும்பாலும் சொற்களால் ஆணையிடுவதே. "மயில்மீது முருகன், பின்னால் பத்துமலை, மாலை நேர வெளிச்சம்" என்று எழுதுகிறோம். படம் வருகிறது. ஆணையிட்டவர் கலைஞர் ஆவாரா?

தஞ்சைப் பெரிய கோயிலை நினைத்துப் பார்ப்போம். கோயிலை எழுப்புவித்தவன் முதலாம் இராசராசன். 1010ஆம் ஆண்டில் நிறைவுற்ற அக்கோயிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சனின் பெயரையும் பொறித்து வைத்துள்ளது. மன்னன் புரவலன், பெருந்தச்சன் கலைஞன். இரண்டும் பெருமைக்குரியவை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை அக்கல்வெட்டே உணர்த்துகிறது. அதே கோயிலின் உட்சுற்றில் 1931ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்து வெளிப்படுத்திய சோழர் ஓவியங்களை வரைந்தவர்களின் பெயரோ நமக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வரி எழுதி, வந்த படத்தை அப்படியே ஏற்றுக்கொள்பவர் மன்னனின் இடத்தில் நிற்கிறார். அவர் படம் வேண்டியவர். படம் ஆக்கியவர் அல்லர். ஆனால், பெருந்தச்சனும் எல்லாக் கல்லையும் தன் கையால் செதுக்கியிருக்க மாட்டான். அளவு சொல்லி, பிழை கண்டு, மாற்றச் சொல்லி, இது போதும் என்று நிறுத்தியவன் அவன். எந்திரத்தோடு அவ்வாறு பணியாற்றுபவரும் உண்டல்லவா? இன்றைய வழக்குகள் இக்கோட்டின்மீதே நிற்கின்றன.

624 கட்டளைகள்

2022ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், எண்ணியற் கலைப் பிரிவில் ஜேசன் ஆலன் என்பவர் முதற்பரிசு பெற்றார். மிட்ஜர்னி என்னும் செயலியால் உருவாக்கிய படம் அது. 624 முறையாவது கட்டளைகளைத் திருத்தித் திருத்தி எழுதியதாகவும், பின்னர் போட்டோஷாப்பில் சீர்செய்ததாகவும் அவர் கூறினார். ஆயினும், எந்திரம் உருவாக்கிய பகுதியை விலக்கி உரிமை கோர அவர் உடன்படாததால், 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அப்படத்தைப் பதிவு செய்ய மறுத்தது. அதே ஆண்டு நவம்பரில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் வேறொரு வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. கட்டளைகளைத் தேர்ந்து அமைத்ததிலும் திருத்தியதிலும் மனித உழைப்பு வெளிப்படுகிறது என்று கூறி, படத்திற்கு உரிமை வழங்கியது. 2025ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க அலுவலகமே வேறொரு படத்தைப் பதிவு செய்தது. எந்திரம் தந்த படத்தில் பகுதி பகுதியாகத் தேர்ந்தெடுத்து, மாற்றி, ஒழுங்குபடுத்திய மனிதச் செயலுக்கே அவ்வுரிமை.

நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கலைப் படைப்பின் தரத்தை எடைபோடுவதில்லை. படைப்பு சொந்தத் தன்மை பெறும் அளவுக்குப் போதிய முயற்சி செலவிடப்பட்டதா என்றே கேட்கிறது. முயற்சி என்னும் சொல் ஆசிரியர்களாகிய நமக்கு மிகவும் நெருக்கமானது.

சட்டம் வேறு, கலை வேறு என்பதை அறிவோம். உரிமை இல்லாத படமும் கலையாக இருக்கலாம்; உரிமையுள்ள படமும் வெறும் படமாக இருக்கலாம். ஆயினும் நாடுகள் பலவும் ஒரே இடத்தில் தேடுகின்றன என்பது கருதத்தக்கது. எல்லோரும் படத்திற்குள் மனிதரின் தீர்மானம் எங்கே இருக்கிறது என்றே தேடுகின்றனர்.

பழைய கடன்

இங்கே மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். புகைப்படக் கருவி பிறர் வரைந்த படங்களைக் கற்றுக்கொண்டு இயங்கவில்லை. செயற்கை நுண்ணறிவோ அவ்வாறு கற்றே இயங்குகிறது. இத்தகைய எந்திரங்களைப் பயிற்றுவிக்கப் பயன்பட்ட லயான் என்னும் ஒரு தொகுப்பில் மட்டும் 585 கோடி படங்களும் அவற்றுக்குரிய விவரிப்புகளும் இணைக்கப்பட்டிருந்தன. புள்ளிகள் சிதறிய வெறும் இரைச்சலிலிருந்து தொடங்கி, தான் கற்றவற்றின் துணைகொண்டு படிப்படியாக அவ்விரைச்சலை நீக்கி எந்திரம் ஒரு படத்தை எழுப்புகிறது. இசைவு பெறாமல் தம் படைப்புகளைப் பயன்படுத்தியதாக 2023ஆம் ஆண்டு சனவரியில் மூன்று ஓவியர்கள் அமெரிக்காவில் வழக்கும் தொடுத்தனர்.

முருகனை வரையச் சொன்னால் எந்திரம் தரும் முருகனின் முகத்தை உற்றுப் பாருங்கள். அந்த வழவழப்பான கன்னம், நகைகளின் மினுக்கம், மேடைத்திரை போன்ற பின்புறம் ஆகியவை நமக்குப் புதியவை அல்ல. நாள்காட்டிப் படங்களின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. இரவிவர்மாவின் கற்களில் வண்ணம் பிரித்த பெயரற்ற கைவினைஞர்களுக்கு நேர்ந்ததே கோவில்பட்டி ஓவியர்களுக்கும் மீண்டும் நேர்கிறது. கை அவர்களுடையது, பெயர் இல்லை.

குமாரசுவாமியின் இரண்டாவது கருத்து இங்கேதான் உயிர்பெறுகிறது. பொங்கல் விழாவை வரையச் சொன்னால் எந்திரம் பெரும்பாலும் ஓலைக்குடிசையும் நெல்வயலும் கொம்பில் வண்ணம் பூசிய மாடும் தரும். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் வளரும் குழந்தை கண்ட பொங்கல் அதுவன்று. நடைபாதையில் எரிவாயு அடுப்பு, அதன்மேல் பானை, எட்டிப் பார்க்கும் சீன அண்டைவீட்டுப் பாட்டி, தூரத்தில் ஓடும் மோனோரெயில் ஆகியவையே அது கண்ட பொங்கல். கோணல்மாணலாக இருந்தாலும் அக்குழந்தை வரையும் படம், மலேசியத் தமிழர் வாழ்வின் ஆவணம். எந்திரத்தின் அழகிய படத்தில் நாம் இல்லை. அதனை நாமே பரிசளித்து ஊக்குவித்தால், நம் பிள்ளைகள் தம் வாழ்வு வரையத்தக்கதன்று என்று எண்ணிவிடுவர். என் அச்சமெல்லாம் இதுதான்.

என் முடிவு

கவனமாக உருவாக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவுப் படம் கலையாகக்கூடும் என்றே கருதுகிறேன். கல்லச்சும் புகைப்படமும் நாள்காட்டியும் நமக்கு அதைத்தான் கற்றுத் தந்துள்ளன. ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. உருவாக்கியவர் தாம் காண விரும்பியது எது, வந்தவற்றில் எவற்றை ஏன் தள்ளினார், எதைத் தம் கையால் மாற்றினார், யாரிடம் கடன்பட்டார் என்பவற்றைச் சொல்லக்கூடியவராக இருத்தல் வேண்டும். படத்தை மட்டும் பார்த்து இதை அறிய முடியாது. ஆதலால், நடுவர் படத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் படைத்தவரையும் கேட்க வேண்டும்.

பள்ளிப் போட்டி இதனினும் வேறுபட்டது. அங்கே படம் ஒரு கருவியே. நாம் வளர்க்க விரும்புவது பிள்ளையின் கண்ணையும் கையையும் மனத்தையும். ஓவியம் பழகிய கைக்கே வசப்படும் என்பது ஔவையின் பெயரால் வழங்கும் அறிவுரை. பழகாத கைக்கு எந்திரம் படம் தரலாம். பழக்கத்தைத் தர இயலாது. எனவே, பின்வருவனவற்றை ஆசிரியர்களும் பெற்றோரும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

1. கைவண்ண ஓவியத்தையும் செயற்கை நுண்ணறிவுப் படத்தையும் ஒரே பிரிவில் போட்டியிட வைத்தல் கூடாது. தொடக்கப்பள்ளி மாணாக்கர்க்குக் கைவண்ணப் பிரிவே போதுமானது.

2. எண்ணியற் பிரிவு வைப்பதாயின், எழுதிய கட்டளைகள், தள்ளிய படங்கள், செய்த திருத்தங்கள் ஆகியவற்றையும் சேர்த்து ஒப்படைக்கச் செய்ய வேண்டும்.

3. மாணாக்கரை அழைத்து, "இந்த மரம் ஏன் இங்கே இருக்கிறது?" என்பது போன்ற ஓரிரு வினாக்களைத் தமிழில் கேட்கலாம். விடை சொல்லும் பிள்ளையிடம் கலை இருக்கிறது. மொழிப்பயிற்சியும் கூடவே நிகழும்.

4. எந்திரத்தைப் பயன்படுத்திய மாணாக்கரைத் திருடனைப் போல நடத்தலாகாது. போட்டி விதியில் முன்பே எழுதாதது நம் பொறுப்பு.

5. பெற்றோர், பிள்ளைக்காகத் தாமே கட்டளை எழுதிப் படம் உருவாக்கித் தருவதைத் தவிர்க்க வேண்டும். பரிசுக் கோப்பை வீட்டுக்கு வரும். பிள்ளையின் கை அப்படியே நின்றுவிடும்.

அடுத்த முறை பிரிக்பீல்ட்ஸ் செல்லும்போது பிள்ளைகளையும் அழைத்துச் சென்று, ஒரு சாமிப் படத்தின் முன் நிறுத்தி, இதை முதன்முதலில் வரைந்தவர் யாராக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். படத்திற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்னும் எண்ணம் அவர்கள் மனத்தில் விழுந்துவிட்டால், எந்த எந்திரம் வந்தாலும் அவர்கள் தடுமாறமாட்டார்கள்.

தங்கள் பள்ளிகளில் இச்சிக்கலை எவ்வாறு கையாள்கிறீர்கள் என்பதையும் அறிய ஆவலாக உள்ளேன். மாற்றுக் கருத்துடையோரும் தயங்காது எழுதுக.